கத்தரிக்கோலை எடுக்கும் முன்: ஓசூர், கிருஷ்ணகிரி மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

ஜூஜுவாடியிலிருந்து சூளகிரி வரை நெடுஞ்சாலை ஓரத்திலும், சிப்காட் பகுதியிலும், தளி சாலை, தேன்கனிக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்குமான மடல் இது. நானும் மருந்தாளுநர்தான். நெடுங்காலம் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் வேலையின் நெருக்கடி தெரிந்தவன் என்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேச வந்தது ஒரே ஒரு விற்பனையைப் பற்றி. செகண்ட் ஷிப்ட் விட்டு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் ஒரு பையன் கடைக்கு வருகிறான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, வயித்தால போகுது, மெட்ரோஜில் ரெண்டு குடுங்க" என்கிறான். நீங்கள் ஸ்ட்ரிப்பை எடுத்து இரண்டு மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டு நீட்டுகிறீர்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மீதி ஸ்ட்ரிப்பிலேயே தங்கிவிடுகின்றன. சில்லறையை வாங்கிக்கொண்டு அவன் போய்விடுகிறான். ஒரு கேள்வி இல்லை, ஒரு சீட்டு இல்லை.

இந்த விற்பனையை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவன் ஏன் இரண்டே இரண்டு கேட்கிறான் என்பது உங்களுக்கும் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. கூலியில் 70 சதவீதம், ஓராண்டில் 91 நாள் வரை. ஆனால் அதே விதியில் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. பேதி பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் தொல்லை. ஆக, இந்த நோய்க்கு அவன் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. டிஸ்பென்சரி வரிசையில் நின்றால் ஒரு ஷிப்ட் போய்விடும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு மருத்துவரிடம் விளக்கிச் சொல்ல மொழியும் இல்லை. ராத்திரி பத்தரை மணிக்கு விளக்கெரியும் ஒரே இடம் உங்கள் கடை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் கேள்வி உங்களிடம் வருகிறது.

அவன் கேட்ட மெட்ரோஜில், அதாவது மெட்ரோனிடசோல், அமீபாவுக்கான மருந்து. சீதபேதியை உண்டாக்கும் அமீபாவுக்கு, எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவுக்கு, இரண்டு உருவம் உண்டு. குடல் சுவரை அரித்து ரத்தமும் சீதமுமாகப் போக வைப்பது ஒன்று. கூட்டுக்குள் அடங்கி மலத்தோடு வெளியேறி, தண்ணீரிலும் நகக்கண்ணிலும் இருந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போவது இன்னொன்று. மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல், செக்னிடசோல் எல்லாமே திசுவுக்குள் இருக்கும் முதல் உருவத்தைத் தாக்குபவை. குடலுக்குள் கிடக்கும் கூடுகளை அவற்றை மட்டும் நம்பி ஒழிக்க முடியாது. மெட்ரோனிடசோலை முழுதாகச் சாப்பிட்டவர்களிலேயே 40 முதல் 60 சதவீதம் பேருக்குக் குடலில் கிருமி தங்கிவிடுகிறது. அதற்காகத்தான் பின்னாலேயே டைலோக்சனைடு ஃபியூரோயேட் அல்லது பாரோமோமைசின் வர வேண்டும். டைலோக்சனைடு என்றால் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, பத்து நாள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெட்ரோனிடசோலுக்குப் பக்கத்திலேயே டைலோக்சனைடு இருக்கிறது. நம் பக்கத்துக் கடை அலமாரிகளில் முதல் மருந்து அடுக்கடுக்காக இருக்கும். இரண்டாவதைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

முழுக் கோர்ஸ் சாப்பிட்டவருக்கே நிலைமை இது என்றால், இரண்டு மாத்திரை என்ன செய்யும்? தொல்லையைக் கொஞ்சம் தணிக்கலாம். அமீபா முழுதாகச் சாகாது. வந்தது உண்மையிலேயே அமீபாவாக இருந்தால் பையன் மறுநாள் லைனில் நிற்பான், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருவான், திரும்ப இரண்டு வாங்குவான். அவன் கேன்டீனில் சோறு பரிமாறுகிறவனாக இருந்தால் அந்தக் கிருமி ஒரு ஹாஸ்டலுக்கே போகும்.

சிலருக்கு அமீபா ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கிறது. இந்தக் கட்டி பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். அதிலும் 18 முதல் 50 வயதுக்குள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு. நம் சிப்காட்டின் ஆண் தொழிலாளர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்களே. கட்டி வந்தவர் கடைக்கு வரும்போது பேதி என்று சொல்ல மாட்டார். பேதி வந்து மாதங்கள் ஆகியிருக்கும், அல்லது வந்ததே நினைவிருக்காது. "வலது பக்கம் விலாவுக்குக் கீழே பிடிச்சிக்குது, கேஸ் மாத்திரை குடுங்க" என்பார். சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும், சில நேரம் வலது தோள்பட்டை வலிக்கும். நீங்கள் பேன்டோபிரசோல் எடுத்துக் கொடுத்தால் இன்னும் ஒரு வாரம் போகும். கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் நோய் இது. காய்ச்சலோடு வலது பக்க வலி என்று யார் சொன்னாலும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். ஓசூரிலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரி பக்கத்தார்க்குப் போலுப்பள்ளியில் 2022இலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. வயிற்றால் போகிற பெரும்பாலோருக்கு வந்திருப்பது அமீபாவே இல்லை. வைரஸாக இருக்கும், கெட்டுப்போன சாப்பாட்டின் நஞ்சாக இருக்கும், வேறு பாக்டீரியாவாக இருக்கும். ரத்தம் போனால்கூட ஷிகெல்லா பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் பலவற்றுக்கு மெட்ரோனிடசோல் எதுவும் செய்யாது. தானாக நிற்க இருந்தது நிற்கும். பேர் மாத்திரைக்குப் போகும். லேப் ரிப்போர்ட்டில் "ஈ.எச். சிஸ்ட்" என்று எழுதியிருப்பதைக் காட்டி மருந்து கேட்பவர்களும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் தரும் அமீபாவின் கூடும், எண்டமீபா டிஸ்பார் என்னும் தீங்கற்ற அமீபாவின் கூடும் ஒரே மாதிரி இருக்கும். 1993இல் இவை இரண்டும் வெவ்வேறு உயிர்கள் என்று நிலைநாட்டினார்கள். 1997இல் மெக்சிகோவில் கூடிய உலக சுகாதார நிறுவன நிபுணர்கள், தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு நுண்ணோக்கி ரிப்போர்ட் ஒன்றை மட்டும் வைத்து மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். ரிப்போர்ட் என்பது மருத்துவர் பார்க்க வேண்டிய தாள். மருந்துச்சீட்டு ஆகாது.

கேரளத்தில் 2024இலும் 2025இலும் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்தி வந்ததிலிருந்து பயத்தில் அமீபா மாத்திரை கேட்பவர்களும் இருக்கலாம். அது வேறு அமீபா. மூக்கு வழியாக ஏறுவது. அதற்கு மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கும் மருந்துகள் வேறு. மெட்ரோனிடசோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி அனுப்புங்கள்.

இந்த மருந்தின் ஆபத்துக்கு வருகிறேன். மெட்ரோனிடசோல் நல்ல மருந்து. 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது அமீபாவைக் கொல்கிறது என்று காட்டப்படும் வரை, 1912இல் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் கொண்டுவந்த எமெட்டின் ஊசிதான் முக்கியக் கதி. அது இதயத்தைப் பிடிக்கும் என்பதால் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தோடு பார்த்தால் இப்போதைய மாத்திரை பெரிய வரம். மலிவாகவும் கிடைக்கிறது. மலிவானதும் பழகியதும் ஆபத்தில்லாதது என்ற எண்ணம்தான் நம்மைக் கேள்வி கேட்காமல் கொடுக்க வைக்கிறது.

முதலில் மதுவைப் பற்றி. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடித்த பின் 48 மணி நேரமும் மது கூடாது. டினிடசோலுக்கு 72 மணி நேரம். மீறினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி அன்றிரவே மாத்திரை கேட்பவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் புத்தி தடுமாறிப் போகலாம். டைசல்ஃபிராம் விட்டு இரண்டு வாரம் ஆகாமல் மெட்ரோனிடசோல் கூடாது. அவர் குடிப்பதில்லை என்று சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். "குடியை நிறுத்த மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று தனியாகக் கேட்டால்தான் பதில் வரும்.

நம் ஊர் எல்லையில் இருப்பதால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களில் பலர் பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் பார்ப்பவர்கள். வலிப்புக்கும் மனநோய்க்கும் நிம்ஹான்ஸ் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பைல் அங்கே இருக்கிறது. பேதிக்கு மாத்திரை வாங்குவது அத்திப்பள்ளி தாண்டி உங்கள் கடையில். வால்வு மாற்றியவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுவார். மெட்ரோனிடசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஈறிலும் குடலிலும், சில நேரம் மூளையிலும் ரத்தம் கசியலாம். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் லித்தியம் ஏறும். எப்டாயின் போன்ற ஃபெனிட்டாயின் மாத்திரையோடு சேர்ந்தால் ஒன்றின் அளவை இன்னொன்று மாற்றும். பெங்களூரு மருத்துவருக்கு இந்த இரண்டு மாத்திரை விஷயம் தெரியப்போவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். "தினமும் வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று ஒரு கேள்வி போதும். பெயர் தெரியாவிட்டால் ஸ்ட்ரிப்பைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

செட் மாத்திரை பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பேர் எழுதாத கவரில் நாலு நிறத்தில் நாலு மாத்திரை. பேதிக்கான செட்டில் பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்ததோ, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்ததோ ஒன்று இருக்கும். கூடவே பேதியை நிறுத்த லோபெரமைடு. ரத்தம் போகிறவருக்கு லோபெரமைடு கொடுப்பது கிருமியை உள்ளே பூட்டி வைப்பதாகும். ஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாரைப் பாதிக்கும். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரையை இறக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதன் வழியாக வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை பெறும் பெரியவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்குப் பேதியில் சாப்பாடும் இறங்காமல் இந்த செட்டும் உள்ளே போனால் மயங்கி விழலாம். கூட்டு மருந்துகளில் சிகிச்சை நியாயம் இல்லாதவை என்று 328ஐ மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்தது. சேர்த்துக் கொடுத்தால் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற நினைப்பு தவறு என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

கர்ப்பிணி, அதிலும் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர், பாலூட்டும் தாய், குழந்தை: இவர்களுக்கு உங்கள் கவுண்டரில் மெட்ரோனிடசோல் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த சிரப்பைத் தம்பிக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் தனி. கை கால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை இந்த மருந்து நரம்பையும் சிறுமூளையையும் தொடுகிறது என்பதற்கான அடையாளங்கள். உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலோர்க்குச் சரியாகும். பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவருக்குத் தள்ளாட்டம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாயில் உலோக ருசி, சிறுநீர் கறுத்துப் போவது இவை பயப்பட வேண்டியவை அல்ல. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால், பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் குறைவார்கள்.

அமீபா மருந்து ஒன்று ஒரு நாட்டையே முடக்கிய கதை நம் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1950களின் நடுவிலிருந்து ஜப்பானில் ஒரு புது நோய் பரவியது. முதலில் வயிற்று வலி, பேதி. பிறகு பாதத்தில் மரத்துப்போகும் உணர்வு. அது மேலே ஏறிக் கால் விழும். சிலருக்குக் கண் பார்வை போனது. தொற்றுநோய் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் நோயாளிகளை ஒதுக்கினார்கள். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. சில நோயாளிகளின் நாக்கும் சிறுநீரும் பச்சையாக இருந்ததை ஆராய்ந்தபோது அந்தப் பச்சை கிளியோக்வினால் என்னும் மருந்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. பேதிக்கும் அமீபாவுக்கும் சர்வ சாதாரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து. நீகாட்டா பல்கலைக்கழகத்தின் தடாவோ சுபாக்கி 1970 ஆகஸ்டில் நோய்க்குக் காரணம் அதுதான் என்றார். செப்டம்பரில் ஜப்பான் அரசு விற்பனையை நிறுத்தியது. புது நோயாளிகள் வருவதும் நின்றது. அதற்குள் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இதில் என்னை மிகவும் உலுக்கும் விவரம் ஒன்று: மருந்தால் வந்த வயிற்று வலிக்கு, வலி தீரட்டும் என்று அதே மருந்தையே மேலும் மேலும் கொடுத்தார்கள். யாரும் நின்று கேட்கவில்லை. நம் நாட்டிலும் என்டரோகுவினால், மெக்சாஃபார்ம் என்ற பெயர்களில் அந்த மருந்து வீட்டு அலமாரிகளில் இருந்தது. உங்கள் தந்தையார் கடை நடத்தியிருந்தால் அவருக்கு நினைவிருக்கும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வயிற்றுப்போக்கு என்று வருகிறவரிடம் ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை, பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்று கேளுங்கள். வடக்கத்திப் பையனிடம் "தஸ்த் மேம் கூன்?" (பேதியில் ரத்தமா?) என்றால் புரிந்துகொள்வான். ரத்தம், காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல், சிறுநீர் குறைந்தது, தலைசுற்றல்: எது இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவில் எங்கே போவது என்று திகைத்தால் 104 சுகாதார உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாதவருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கச் சொல்லுங்கள். டம்ளரில் பாதிப் பொட்டலம் போடும் பழக்கம் இருக்கிறது, அதைத் திருத்துங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் இதற்கு மாற்று அல்ல. அவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

மெட்ரோனிடசோலும் அதன் வகையறாவும் அட்டவணை எச் மருந்துகள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீட்டோடு வருகிறவருக்கு எழுதிய நாள் முழுவதுக்கும் கொடுங்கள். ஸ்ட்ரிப்பை வெட்டியே ஆக வேண்டும் என்றால் பெயர், பேட்ச், தேதி இருக்கும் பக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். அமீபா என்று எழுதி டைலோக்சனைடு எழுதாத சீட்டாக இருந்தால் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் குறைவு. பக்கவிளைவு பார்த்தால் 1800-180-3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம், மருந்தாளுநரும் சொல்லலாம்.

இன்னொன்று, உங்களால் மட்டுமே முடிவது. ஒரே ஹாஸ்டலிலிருந்து ஒரே வாரத்தில் ஐந்தாறு பேர் பேதி மாத்திரைக்கு வந்தால் அது ஐந்தாறு தனித்தனி வியாபாரம் இல்லை. 1933இல் சிகாகோவில் இரண்டு பெரிய ஓட்டல்களில் கழிவுக்குழாய் கசிந்து குடிநீரில் கலந்தது. சுமார் 1,400 பேருக்கு அமீபா. 98 பேர் இறந்தார்கள். தங்கியவர்கள் ஊர் ஊராகத் திரும்பிப்போய்த் தனித்தனியாக நோய்ப்பட்டதால் பலருக்குக் குடல்வால் என்று நினைத்து அறுவை செய்தார்கள். நம் ஹாஸ்டல்களுக்குப் போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் கலந்து வருகிறது. குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் அளவுக்கு அமீபாவின் கூடு சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் நிறுவனப் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் விடுதிகளின் நிலைமை தமிழ்நாடு முழுவதும் பேச்சானது. அந்த நிலைக்குப் போகும் முன்பே முதல் தகவல் மருந்துக்கடைக்குத்தான் வரும். ஒரு நோட்டில் தேதியும் ஹாஸ்டல் பெயரும் குறித்து வையுங்கள், ஆள் பெயர் வேண்டாம். எண்ணிக்கை ஏறினால் மாநகராட்சி நல அலுவலருக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

"நான் கொடுக்காவிட்டால் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்வான்" என்பீர்கள். உண்மைதான். ஒரு கடை மட்டும் மறுத்தால் அந்தக் கடைக்குத்தான் நஷ்டம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். சீட்டில்லாமல் அமீபா மாத்திரை இல்லை, வெட்டிக் கொடுப்பது இல்லை, பேர் எழுதாத செட் இல்லை என்று ஒரே நாளில் எல்லாக் கடையும் ஆரம்பியுங்கள். கம்பெனிகளிடமும் கேளுங்கள்: பேதிக்கு முதல் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் இருந்தால், கேன்டீன் ஆட்கள் நோயோடு வேலைக்கு வராமல் இருக்க அதுதான் மலிவான பாதுகாப்பு. சங்கமாகப் போய்க் கேட்டால் மனிதவள அதிகாரி உட்கார வைத்துப் பேசுவார்.

கவுண்டரில் ஒட்ட ஒரு அறிவிப்புத் தாளைத் தமிழில் நான் எழுதித் தருகிறேன். தெலுங்கும் கன்னடமும் தெரிந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். இந்திக்கும் ஒடியாவுக்கும் கடைக்கு வரும் தொழிலாளர் யாரையாவது உட்கார வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்